வேலையை விடுவதா, வைத்துக்கொண்டே தொடங்குவதா, நடக்கிற தொழிலை வாங்குவதா?

1976 ஏப்ரல் 1 அன்று மூன்று பேர் ஒரு கூட்டாண்மைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். ஒருவருக்கு வயது 21, இன்னொருவருக்கு 25, மூன்றாமவருக்கு 41. இளையவர்கள் இருவருக்கும் தலா 45 சதவீதப் பங்கு, மூத்தவருக்கு 10. பன்னிரண்டே நாளில் அந்த மூத்தவர் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரை எடுத்துவிட்டார். விட்டுக்கொடுத்த பங்குக்கு அவர் கைக்கு வந்தது 800 டாலர். நிறுவனத்தின் பெயர் ஆப்பிள். விலகியவர் ரொனால்ட் வெய்ன்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் வெய்னுக்காக உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு ஒருபோதும் அப்படித் தோன்றியதில்லை. அன்று நடந்தது இதுதான்: ஒரு கணினிக் கடையிலிருந்து ஐம்பது கணினிகளுக்கு ஆர்டர் வந்தது. அதைச் செய்து கொடுக்க உதிரிப் பாகங்களை முப்பது நாள் கடனில் எடுக்க வேண்டும். கூட்டாண்மையில் ஒருவர் வாங்குகிற கடனுக்கு எல்லாக் கூட்டாளிகளும் பொறுப்பு. கடை பணம் தராமல் இழுத்தடித்தால் கடன்காரர்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? ஸ்டீவ் ஜாப்ஸ் தன் வேனை விற்றுப் பணம் போட்டிருந்தார், ஸ்டீவ் வாஸ்னியாக் தன் கால்குலேட்டரை விற்றிருந்தார். பிடுங்கிக்கொள்ள ஏதாவது இருந்தது வெய்னிடம் மட்டும்தான். அதற்கு முன்பே சொந்தமாக ஒரு தொழில் நடத்தி, அது நொடித்து, பட்ட கடனை அடைத்தவர் அவர். அவர் பயந்தது கோழைத்தனத்தால் இல்லை, கணக்குத் தெரிந்ததால்.

ஒரே நிறுவனம், ஒரே பத்திரம், ஆனால் மூன்று பேர் தலையிலும் இருந்த பாரம் வேறு வேறு. ஜாப்ஸுக்கு இழக்க எதுவும் இல்லை. வாஸ்னியாக் ஹியூலெட்-பேக்கர்டில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே இரவில் சர்க்யூட் வரைந்தார். வெய்னுக்கு இழக்க நிறைய இருந்தது. சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் தொழிலைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. மோசமான மாதம் ஒன்று வந்தால் அந்த அடி யார் மேல், எந்த இடத்தில் விழும் என்றுதான் கேட்கிறேன். கீழே நான் ஒப்பிடும் மூன்று வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

எந்த வழியில் போனாலும் வரும் பணமுடை

லாபம் வருகிறதா என்று பார்ப்பவர்கள் பலர். பணம் எப்போது வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. முதலுக்கே மோசம் வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் மாதம் 100-க்கு விற்கிறீர்கள். அதற்குச் செலவு 70, அதை அந்த மாதமே கொடுத்தாக வேண்டும். வாங்குகிறவர் இரண்டு மாதம் கழித்துப் பணம் தருவார். விற்பனை மாதத்துக்கு 20 சதவீதம் வளர்கிறது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? முதல் மாதம் கையிலிருந்து 70 போகிறது. இரண்டாம் மாதம் 120-க்கு விற்பனை, செலவு 84. ஆக 154 வெளியே நிற்கிறது. மூன்றாம் மாதம் பழைய 100 வருகிறது, ஆனால் அந்த மாதச் செலவு 101 ஆகிவிட்டது. நான்காம் மாதம் 120 வருகிறது, செலவு 121. நான்கு மாத முடிவில் புத்தகத்தில் லாபம் 161. உங்கள் கையில் இருந்து போய்த் திரும்பாமல் இருப்பது 156.

வாடிக்கையாளர் ஒரே ஒரு மாதம் தாமதித்தால் அந்த 156 என்பது 276 ஆகிவிடும். தொழில் நன்றாக நடக்கிறது, ஆர்டர் குவிகிறது, ஆனால் சம்பளம் போடப் பணம் இல்லை. இதைச் சொன்னால் வீட்டில்கூட நம்ப மாட்டார்கள்.

நைக்கி நிறுவனத்துக்கே இது நேர்ந்தது. விற்பனை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருந்த 1975-இல் அதன் வங்கி, இனி உங்களோடு கணக்கு வேண்டாம் என்று கைகழுவியது. கடனை அடைத்துக் காப்பாற்றியது நிஷோ இவாய் என்ற ஜப்பானிய வணிக நிறுவனம். பொருளில் குறை இல்லை, வாங்க ஆள் இல்லாமலும் இல்லை. வளர்ச்சியின் வேகத்துக்குக் கைப்பணம் ஈடுகொடுக்கவில்லை.

அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை ஒன்றை எட்டு ஆண்டு நடத்தியவன் நான். இரண்டாவது ஆண்டில் எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. அவர்கள் ஒரு முறை பில்லை எழுபது நாள் வைத்துக்கொண்டார்கள். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "கையெழுத்துக்குப் போயிருக்கிறது" என்ற அதே பதில். அந்த மாதம் 28-ஆம் தேதி இரவு, மேசையில் ஒரு தாளை வைத்து யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதினேன். மின்கட்டணம், காகித வியாபாரி, பசைக்காரர், இடத்துக்கு வாடகை, நான்கு பேருக்குச் சம்பளம், கடைசியில் என் பெயர். பிறகு கீழிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். என் பெயரைத்தான் முதலில் அடித்தேன். காகித வியாபாரியிடம் பத்து நாள் தவணை கேட்கலாம் என்று அவர் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. சம்பளத்தில் கை வைக்க முடியாது. அப்படியும் பற்றாமல், வீட்டுச் சேமிப்பில் இருந்து எடுத்துத்தான் அந்த மாதம் ஓடியது. முதலாளி என்ற சொல்லுக்கு அன்று இரவு எனக்குக் கிடைத்த பொருள், வரிசையில் கடைசியாகச் சம்பளம் வாங்குகிறவன் என்பது. எந்த வழியில் தொடங்கினாலும் அந்தத் தாளை ஒரு நாள் எழுத வேண்டிவரும். வழிக்கு வழி மாறுவது, அன்று உங்கள் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான்.

வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்குவது

இதன் பெரிய வலிமை நேரம். வாடிக்கையாளர் பகலில்தான் பேசுவார். இயந்திரம் பழுதானால் பகலில்தான் ஆள் கிடைப்பார். முழு நாளும் கையில் இருப்பவன் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வதை, மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவன் கற்க இரண்டு ஆண்டு ஆகலாம். திரும்பிப் போக இடமில்லை என்ற நிலை ஒருவிதக் கூர்மையைத் தருவதும் உண்மைதான்.

ஆனால் சேமிப்பு கரைகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் தீர்ப்பையும் சேர்த்துக் கரைக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆறு மாதச் செலவு கையில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஆர்டரை, ஒரு மாதச் செலவு மட்டும் இருக்கும்போது அடிமாட்டு விலைக்கு ஏற்றுக்கொள்வீர்கள். அந்த விலைக்கு ஒருமுறை செய்து கொடுத்தால் அதுதான் உங்கள் விலை. நான் எட்டு மாதச் செலவைச் சேர்த்து வைத்துவிட்டு வேலையை விட்டேன். முதல் ஆர்டர் நான்காம் மாதம் வந்தது, முதல் காசு ஏழாம் மாதம். அந்த ஏழாம் மாதம் நான் பேசிய விலைகள் இரண்டு ஆண்டுக்கு என்னை விடவில்லை.

அதனால் இந்த வழியைத் தேர்வதென்றால், எத்தனை மாதம் தாங்கும் என்று நினைக்கிறீர்களோ அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே அதை முடிவு செய்யுங்கள், பிறகு வங்கி உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வருமானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பொருளியலாளர் பார்டன் ஹாமில்டன் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்கிறவர்களையும் சம்பளக்காரர்களையும் ஒப்பிட்டார். பத்து ஆண்டு தொழில் செய்த நடுத்தரமான ஒருவரின் வருமானம், அவர் வேலையிலேயே இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைவிட 35 சதவீதம் குறைவு. அவர்கள் அப்படியும் தொழிலை விடவில்லை. தன் விருப்பப்படி வாழ்வதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்த விலையைக் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், நானும் கொடுத்தேன். பணம் சம்பாதிக்கத்தான் போகிறேன் என்று சொல்கிறவர்கள் அந்த 35 சதவீதத்தை ஒரு வாரம் மனதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வேலையில் இருந்துகொண்டே தொடங்குவது

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இதைப் பழிக்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஜோசப் ராஃபி, ஜியே ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு என் எண்ணத்தை மாற்றியது. வேலையை வைத்துக்கொண்டே தொழில் தொடங்கி, பிறகு முழு நேரத்துக்கு மாறியவர்கள் தோற்றுப்போகும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. யோசித்தால் காரணம் புரியும். சரிவராத எண்ணம் சரிவராது என்பது சிறிய செலவிலேயே தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். மிஞ்சியவர்கள் ஆழம் பார்த்துவிட்டுத்தான் காலை விடுகிறார்கள்.

நைக்கியைத் தொடங்கிய ஃபில் நைட் 1964-இல் பயிற்சியாளர் பில் போவர்மேனோடு ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொழில் ஆரம்பித்தார். கணக்காளர் வேலை, பிறகு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை என்று ஐந்து ஆண்டு சம்பளத்தில் இருந்தார். முழு நேரமாக வந்தது 1969-இல். பியேர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் இணைய ஏலத் தளமான ஈபேயின் முதல் வடிவத்தை இணையத்தில் ஏற்றியபோது வேறு நிறுவனத்தில் பொறியாளர். தளத்துக்கான இணையக் கட்டணம் ஏறியதால்தான் விற்பவர்களிடம் சிறு தொகை வாங்கத் தொடங்கினார். அந்த வரவு சம்பளத்தைத் தாண்டிய பிறகுதான் வேலையை விட்டார்.

இந்த வழியின் ஆபத்து வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பக்கத்தொழில் எப்போதும் லாபமாகத் தெரியும், ஏனென்றால் உங்கள் உழைப்புக்கு நீங்கள் கூலி போடுவதில்லை. ஒரு பொருளைச் செய்யப் பொருட்செலவு 40, விற்பது 100, லாபம் 60 என்று மகிழ்வீர்கள். அதற்கு மூன்று மணி நேரம் ஆகிறது, அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஆளை வைத்தால் 75 கொடுக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு விற்பனையிலும் 15 நட்டம். சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரை அந்த நட்டம் கண்ணில் படாது. வேலையை விட்ட மறுமாதம் படும். இரண்டு ஆண்டு லாபத்தில் ஓடிய தொழில் முழு நேரமாக வந்ததும் ஏன் மூச்சுத் திணறுகிறது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் தொழில் எதுவும் மாறவில்லை, கூலி மட்டும் கணக்கில் ஏறியிருந்தது. ஆகவே பக்கத்தொழிலாக இருக்கும்போதே, முதல் நாளிலிருந்து, உங்கள் கூலியைச் செலவுப் பத்தியில் எழுதுங்கள். பணத்தை எடுக்க வேண்டாம், எண்ணை எழுதினால் போதும்.

இன்னொன்று வேலை ஒப்பந்தம். வேலையில் இருக்கும்போது நீங்கள் உருவாக்குவது நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். வாஸ்னியாக் தன் கணினி வடிவமைப்பை முதலில் தன் முதலாளிகளிடம்தான் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகே அது ஆப்பிளுக்கு வந்தது. அந்த நேர்மை பின்னாளில் ஒரு பெரிய வழக்கைத் தவிர்த்திருக்கும் என்று நினைக்கிறேன். அலுவலக மடிக்கணினியில், அலுவலக நேரத்தில் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

தூக்கம் கெடும், விடுமுறை போகும், பிள்ளைகள் உங்கள் முதுகைப் பார்த்தே வளர்வார்கள். இதற்கு வீட்டில் ஒரு கால எல்லை சொல்லிவிட வேண்டும். எல்லையில்லாமல் நீளும் பக்கத்தொழில் வேலையையும் கெடுக்கும், தொழிலையும் வளரவிடாது.

நடக்கிற தொழிலை வாங்குவது

இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். புதிதாகத் தொடங்குவதன் கொடுமையான பகுதி முதல் வாடிக்கையாளரைத் தேடுவது. நடக்கிற தொழிலில் அது முடிந்திருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் நெடுங்காலக் கணக்குப்படி, அங்கே புதிய தொழிலகங்களில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது, ஐந்து ஆண்டில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது, பத்து ஆண்டு நிற்பது மூன்றில் ஒரு பங்கு. மூடியதெல்லாம் நட்டத்தில் மூடியது என்று சொல்ல முடியாது, விற்றவர்களும் ஓய்வு பெற்றவர்களும் அதில் உண்டு. என்றாலும், பதினைந்து ஆண்டு ஓடிய தொழிலை வாங்குகிறவர் அந்தச் சல்லடையில் ஏற்கனவே தேறிய ஒன்றை வாங்குகிறார்.

பதிலுக்கு, மற்றவருடைய பழைய பாவங்களும் சேர்ந்தே வரலாம். நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் அதன் வரி பாக்கி, வழக்கு, ஊழியர் நிலுவை எல்லாம் உங்களுடையது. சொத்துகளை மட்டும் தனியாக வாங்கினால் பெரும்பாலும் அவற்றிலிருந்து தப்பலாம். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே வழக்கறிஞர் கட்டணம் கொடுப்பது தகும். விற்பவர் காட்டும் லாபக் கணக்கைவிட மூன்று ஆண்டு வங்கி வரவுசெலவைக் கேளுங்கள். விற்பனையில் எத்தனை பங்கு ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது, அவர் உறவு தொழிலோடா, பழைய முதலாளியோடா என்று பாருங்கள். விலையில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டில் தவணையாக வாங்கிக்கொள்ள விற்பவர் சம்மதித்தால் நல்ல அறிகுறி. தன் தொழில் ஓடும் என்று அவரே நம்புகிறார். முழுப் பணமும் நாளைக்கே வேண்டும் என்றால் காரணத்தைத் தேடுங்கள்.

ஃபிரான்சைஸ், அதாவது வேறொரு நிறுவனத்தின் பெயரைக் கட்டணம் கொடுத்து எடுத்து நடத்துவது, இதன் தம்பி. பெயரும் முறையும் கிடைக்கும், சுதந்திரம் கிடைக்காது. அந்தப் பெயருக்காக நீங்கள் கட்டும் ராயல்டி பெரும்பாலும் விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது என்பதை மறக்காதீர்கள். 100-க்கு விற்றால் 12 மிஞ்சும் தொழிலில், 6 சதவீத ராயல்டி என்பது உங்கள் லாபத்தில் பாதி. விற்பனை குறைந்து நீங்கள் நட்டத்தில் இருக்கும் மாதமும் அந்த 6 சதவீதம் போகும்.

யாருடைய பணம், யாருடைய கையெழுத்து

மூன்று வழிக்கும் கீழே இந்தக் கேள்வி ஓடுகிறது. பொறுப்பு வரம்புள்ள நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் வீடு தப்பும் என்று நம்புகிறோம். சட்டப்படி அந்தச் சுவர் உண்மையானது. 1896-இல் செருப்புத் தயாரிப்பாளர் சாலமன் வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு, நிறுவனம் வேறு, அதை நடத்துகிறவர் வேறு என்பதை உறுதிப்படுத்தியது. ஆனால் வங்கி கடன் தரும்போது சொந்தப் பிணையில் கையெழுத்து கேட்கும். அந்த ஒரு கையெழுத்து சுவரில் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. வெய்ன் பயந்த கதவு அதேதான்.

முதலீட்டாளர் பணம் அந்தக் கதவைத் திறக்காது, வேறொன்றைத் திறக்கும். நோம் வாசர்மேன் 212 அமெரிக்கப் புதுநிறுவனங்களை ஆராய்ந்து 2008-இல் எழுதியபோது, மூன்றாம் ஆண்டு முடிவில் தொடங்கியவர்களில் பாதிப்பேர் தலைமைப் பொறுப்பில் இல்லை என்று கண்டார். 1985-இல் ஜாப்ஸும் அப்படித்தான் ஆப்பிளை விட்டு வெளியே வந்தார். நடத்துவது முக்கியமா, பெரிதாவது முக்கியமா என்று முதலிலேயே உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள்.

என் முடிவைச் சொல்கிறேன். குடும்பப் பொறுப்பு உள்ள, செய்ய நினைக்கும் தொழிலில் இதுவரை கை நனைக்காத ஒருவருக்கு, வேலையை வைத்துக்கொண்டு தொடங்குவதே சரி. வேலை ஒப்பந்தம் இடம் தரவில்லை, அல்லது தொழில் பகல் முழுவதும் ஆளைக் கேட்கிறது, கூடவே இருமடங்குச் சேமிப்பு இருக்கிறது என்றால் விடலாம். துறை தெரியும், சேமிப்பும் உண்டு, ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து கட்டி எழுப்பும் பொறுமை இல்லை என்றால் நடக்கிறதை வாங்குங்கள். நாற்பதைத் தாண்டிவிட்டோமே என்று அவசரப்பட்டு வேலையை விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று பியேர் அசூலேயும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு காட்டியது. ஓடிப்போகும் பேருந்து எதுவும் இல்லை. வேலையிலேயே இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

என்னிடம் வருகிறவர்களை ஒரு தாளில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன். வீட்டுக்கு மாதம் ஆகும் செலவு. இப்போது கட்டும் தவணைகள். காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் ஒருவரின் பெயர், நண்பரும் உறவினரும் இல்லாமல். முதல் இரண்டு வரிகளை எல்லாரும் உடனே எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டால், திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போங்கள், மாலையில் அந்தப் பெயரைத் தேடத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.